வயலில் தொடங்கிய நகரம்: சிட்டிஸ் ஸ்கைலைன்ஸ், இண்டஸ்ட்ரீஸ் டிஎல்சி பற்றி

நகரம் கட்டும் கேமான சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாடுகிறவர்களில் நிறைய பேர் விவசாய மண்டலத்தைக் கடைசியில்தான் போடுகிறார்கள். நகரமெல்லாம் கட்டி முடித்து, மெட்ரோ ஓடி, விமான நிலையமும் வந்த பிறகு, ஹைவே ஓரமாக நாலு வயல் தெரிந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று ஒரு மூலையில் வைப்பது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். இப்போது வரிசையைத் திருப்பிவிட்டேன். முதலில் மண்ணைப் பார்த்து வயலுக்கு இடம் ஒதுக்குகிறேன், அப்புறம்தான் வீடு, கடை, ஆபீஸ் எல்லாம். இப்படிக் கட்டிய நகரங்கள்தான் என்னிடம் இன்றுவரை உருப்படியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த விமர்சனத்தில் கேமின் மற்ற பகுதிகளைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. விவசாயம் எப்படி இருக்கிறது, அதனால் நகரத்துக்கு என்ன நன்மை, இண்டஸ்ட்ரீஸ் டிஎல்சியை (கேமோடு சேர்த்துக்கொள்ளத் தனியாக விற்கும் கூடுதல் தொகுப்பு) அதற்காக வாங்கலாமா, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பின்லாந்தில் இருக்கும் கொலாசல் ஆர்டர் உருவாக்கி, பாரடாக்ஸ் வெளியிட்ட கேம் இது. 2015 மார்ச்சில் வந்தது. டிஎல்சி எதுவும் இல்லாத அடிப்படை கேமிலேயே விவசாயம் உண்டு. தொழில் மண்டலம் போட்ட இடத்தின் மேல் ஒரு டிஸ்ட்ரிக்ட் வரைந்து, அதற்கு விவசாயம், காடு, கனிமம், எண்ணெய் என்ற நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், அந்த இடத்தில் முளைக்கும் கட்டடங்கள் அந்தத் தொழிலுக்கு மாறிவிடும். 2018 அக்டோபரில் வந்த இண்டஸ்ட்ரீஸ் டிஎல்சி இதை வேறு கட்டத்துக்குக் கொண்டுபோனது. அதில் வயல், பழத்தோட்டம், மேய்ச்சல் நிலம், மாவு மில், தானியக் குதிர் என்று ஒவ்வொன்றையும் நாமே நம் கையால் வைக்கலாம்.

முதலில் அடிப்படை கேமிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முக்கியமான நன்மைகள் அதிலேயே இருக்கின்றன. சாதாரண தொழில் மண்டலம் போட்டால் நிலம் மாசுபடும், பக்கத்தில் வீடு இருந்தால் மக்களுக்கு உடம்பு கெடும், பிறகு கிளினிக் போதாமல் ஆம்புலன்ஸ் எல்லாம் டிராஃபிக்கில் நிற்கும். விவசாயத்திலும் காட்டுத் தொழிலிலும் மண் மாசுபடுவதில்லை. கனிமமும் எண்ணெயும் தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு அந்தத் தொழிற்சாலைகள் வெளியிலிருந்து சரக்கு வரவழைத்துத்தான் ஓட வேண்டும். வளமான மண் தீராது. நீங்கள் ஒரே நகரத்தை ஆறு மாதம் விளையாடினாலும் அந்த வயல் விளைந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டு விஷயத்துக்காகவே ஒரு நகரத்தில் கால்வாசி இடத்தை நான் விவசாயத்துக்குக் கொடுப்பேன்.

வேலைவாய்ப்பு இன்னொரு காரணம். ஊர் தொடங்கும்போது குடிவருகிறவர்களில் பெரும்பாலோர் படிக்காதவர்கள். விவசாய வேலைகளில் பெரும்பாலானவை படிப்பைக் கேட்பதில்லை. ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் இல்லாத நேரத்தில் இவர்களுக்கு வேலை கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: அடிப்படை கேமின் விவசாயக் கட்டடங்கள் தரம் உயராது, எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு வேலை எண்ணிக்கையும் வரியும் குறைவு. வருமானத்தை மட்டும் பார்த்தால் அதே இடத்தில் சாதாரண தொழிற்சாலை அதிகம் தரும். வரிக் கணக்கை மட்டும் வைத்து இதை மதிப்பிடுகிறவர்கள், மாசு இல்லாததால் மிச்சமாகும் மருத்துவச் செலவையும் வயலை ஒட்டியே வீடு கட்டக் கிடைக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை.

இன்னொரு நுணுக்கம், இது பலருக்குப் பிடிபடாமல் போகிறது. டிஸ்ட்ரிக்டுக்குள் வளமான மண் இருக்கும் இடத்தில் போட்ட மண்டலத்தில்தான் வயல் வரும். மண் இல்லாத இடத்தில் அதே டிஸ்ட்ரிக்டில் வருவது பதப்படுத்தும் ஆலை. வயலில் விளைந்த தானியம் ஆலைக்குப் போய் உணவாகி, அங்கிருந்து சாதாரண தொழிற்சாலைக்குப் போய்ச் சரக்காகி, கடைசியில் கடைக்கு வருகிறது. வயலே இல்லாமல் ஆலை மட்டும் இருந்தால் தானியம் முழுக்க வெளியூரிலிருந்து லாரியில் வரும். "விவசாயம் போட்டதும் டிராஃபிக் அதிகமாகிவிட்டது" என்கிறவர்களின் மேப்பைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். இயற்கை வளங்கள் என்ற பார்வையைத் திறந்து, மண் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே டிஸ்ட்ரிக்டை வரைந்திருப்பார்கள்.

எனக்கும் ஒரு முறை அது நடந்தது, வேறு மாதிரி. ஆற்றோரம் நல்ல மண் நீளமாகக் கிடந்த ஒரு மேப். ஆற்றைப் பார்த்த வீடுகள் அழகாக இருக்கும் என்று கரை முழுக்க வீட்டு மண்டலம் போட்டுவிட்டேன். பன்னிரண்டாயிரம் பேர் வந்த பிறகு டிஎல்சியின் விவசாயத்தைத் தொடங்கலாம் என்று வளங்களைத் திறந்து பார்த்தால், விளையக்கூடிய மண்ணில் பாதிக்கு மேல் வீடுகளுக்கு அடியில் இருந்தது. மிச்சம் இருந்தது சாலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக. அங்கே சின்ன வயல்களை வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் ஒரு மூலையில், ஒன்றிலிருந்து குதிருக்குப் போகும் லாரி ஊரின் நடுத்தெருவைக் கடந்துதான் போக வேண்டும். கடைசியில் கரையோரத்தில் முந்நூறு வீடுகளை இடித்தேன். அந்த நகரம் அதன் பிறகு நன்றாகவே வந்தது என்றாலும், அன்றிலிருந்து புது மேப் திறந்தால் முதல் பத்து நிமிடம் கேமை நிறுத்தி வைத்து மண்ணைத்தான் பார்க்கிறேன்.

இந்த யோசனை எனக்கு இன்னும் வலுவானது எபனேசர் ஹோவர்டின் தோட்ட நகரத் திட்டத்தைப் பற்றிப் படித்த பிறகு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் அவர் முன்வைத்த திட்டம் இது: மொத்தம் 6,000 ஏக்கர், அதில் நகரம் 1,000 ஏக்கர்தான், மீதி 5,000 ஏக்கர் நகரத்தைச் சுற்றி விவசாய நிலம். நகரத்துக்குள் 30,000 பேர், விவசாய நிலத்தில் 2,000 பேர். 1903இல் லண்டனுக்கு வடக்கே லெட்ச்வர்த் என்ற ஊரை இந்த யோசனையில்தான் தொடங்கினார்கள். இதைப் படித்ததும் எனக்கு உடனே கேம்தான் ஞாபகம் வந்தது. ஸ்கைலைன்ஸில் நிலத்தை டைல் என்ற சதுரங்களாகத்தான் வாங்குவோம், ஒரு டைல் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர். ஏக்கரில் போட்டால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஒரு டைல் நகரம், ஐந்து டைல் விவசாயம் என்றால் ஹோவர்டின் கணக்கு அப்படியே பொருந்துகிறது! சாதாரணமாக ஒரு நகரத்துக்கு 9 டைல் வாங்கலாம் என்பதால் இடமும் பிரச்சினை இல்லை.

செய்து பார்த்தேன். ஐந்து டைல் முழுக்க வளமான மண் உள்ள மேப் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் மண் இருந்த இடத்தில் வயலும் பழத்தோட்டமும், இல்லாத இடத்தில் மேய்ச்சல் நிலமும் காடும் என்று பிரித்தேன். டிஎல்சியில் மேய்ச்சல் நிலத்துக்கு வளமான மண் தேவையில்லை, விளைந்த தானியத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்பது இங்கே கைகொடுத்தது. நடுவில் இருந்த ஒரு டைலில் நெருக்கமாகக் கட்டினேன், சுற்றிலும் வயல். எனக்கு அதில் தெரிந்த பெரிய வித்தியாசம் நகரத்தின் எல்லை. வழக்கமாக நம் நகரங்கள் காசு வரும் திசையில் எல்லாம் பரவி, எந்தச் சாலை எங்கே முடிகிறது என்று நமக்கே தெரியாமல் போய்விடும். இங்கே வயல் ஆரம்பிக்கும் இடத்தில் நகரம் நின்றாக வேண்டும். அதனால் பஸ் தடங்கள் குட்டையாகின, எல்லா வீட்டுக்கும் பள்ளி பக்கத்தில் வந்தது, தீயணைப்பு நிலையம் மூன்று போதுமானதாக இருந்தது. ஹைவேக்கும் வீடுகளுக்கும் நடுவே வயல் படுத்திருந்ததால் ஹைவே இரைச்சல் வீடுகளை எட்டவில்லை. இந்தக் கேமில் இரைச்சலும் மக்களை நோயாளியாக்கும் என்பதால் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, டிஎல்சிக்கு வருவோம். இதில் முதலில் தொழில் பகுதியைப் பிரஷ்ஷால் வரைய வேண்டும், உள்ளே விவசாயத்துக்கான தலைமைக் கட்டடம் ஒன்றை வைக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பகுதி விவசாயப் பகுதி ஆகும். அதற்குப் பிறகு சின்னது, நடுத்தரம், பெரியது என்று வயல்கள். பகுதிக்கு ஐந்து நிலைகள் உண்டு. அடுத்த நிலைக்குப் போக உற்பத்தி அளவும் எட்ட வேண்டும், வேலை செய்கிறவர்களின் எண்ணிக்கையும் எட்ட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. இதனால்தான் வயலை மட்டும் நிறைய வைத்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் நின்றுவிடும்: வயலில் ஆள் குறைவு, மாவு மில், பால் கறக்கும் கூடம் போன்றவற்றில்தான் ஆள் சேரும். தொழிலாளர் குடியிருப்பும் பராமரிப்புக் கட்டடமும் வைத்தால் திறன் கூடும். பலர் இவற்றைச் செலவு என்று தவிர்க்கிறார்கள், தவிர்க்காதீர்கள்.

பணம் எங்கே வருகிறது என்றால், தானியமாகவே வெளியூருக்கு விற்பதில் கொஞ்சம், மாவாகவும் கால்நடைப் பொருளாகவும் மாற்றி விற்பதில் அதைவிட அதிகம், அதைத் தனித்த தொழிற்சாலைகளில் கொடுத்தால் இன்னும் அதிகம். உதாரணமாக பேக்கரிக்கு உங்கள் மில்லின் மாவு போகும். அங்கே உருவாகும் பண்டம் நகரத்துக் கடைகளுக்குப் போகும். விதைத்த இடத்திலிருந்து கடைவரைக்கும் ஒரு லாரியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். நான் ஒரு சாயங்காலம் அப்படிச் செய்தேன். வயலிலிருந்து கிளம்பிய வண்டி மண்சாலையில் வந்து, மில்லுக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் அதே மில்லிலிருந்து மாவு லாரி ஒன்று கிளம்பி, ரவுண்டானாவில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி பேக்கரி வாசலில் நின்றது. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்த நேரம். நான் வரைந்த சாலையில், நான் வைத்த வயலின் விளைச்சல் போய்ச் சேர்வதைப் பார்த்தபோது கிடைத்த திருப்தியை, ஐம்பது மாடிக் கட்டடம் எழும்பும்போது நான் உணர்ந்ததே இல்லை.

டிராஃபிக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவசாயம் சரியாகப் போகுமா போகாதா என்பதை இதுதான் முடிவு செய்யும். அடிப்படை கேமின் விவசாய மண்டலத்தில் டிராக்டர்கள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு சாலைக்கு வரும். ஒரே வழியில் வீட்டுக் கார்களும் இவையும் வந்தால் பின்னால் வரிசை கட்டும். விவசாயப் பகுதிக்குள் ஒரு தனிச் சாலை வைத்து, அது ஊருக்குள் நுழையாமல் நேராக ஹைவேயில் அல்லது சரக்கு ரயில் நிலையத்தில் போய்ச் சேரும்படி செய்யுங்கள். குதிரும் களஞ்சியமும் வயல்களுக்கு நடுவில் இருக்கட்டும், மில் குதிருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சேமிப்புக் கட்டடங்களில் நிரப்பு, காலி செய், சமநிலை என்று மூன்று அமைப்பு இருக்கும். மில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் குதிருக்கு நிரப்பு என்று வைத்தால் மில்லுக்குத் தட்டுப்பாடு வராது. ஏற்றுமதிக்கு ஹைவே பக்கம் வைத்திருப்பதைக் காலி செய் என்று வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் என் நகரத்தின் தெற்கு நுழைவில் எப்போதும் தேங்கி நின்ற லாரிகள் காணாமல் போயின. மாதக்கணக்கில் அந்தச் சந்திப்பில் மேம்பாலம் கட்டி, இடித்து, திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

குறைகளும் இருக்கின்றன. டிஎல்சியின் வயல்கள் எல்லாம் நிலையான அளவுள்ள செவ்வகங்கள். ஆற்றோரம் வளைந்து போகும் சாலையில் வைத்தால் வயலுக்கும் வயலுக்கும் நடுவே முக்கோணமாக வெற்றிடம் கிடக்கும். அவற்றில் மரம் நட்டு நட்டு நிரப்புகிறேன், வரப்போரப் புதர் மாதிரி ஓரளவு தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கே ஒரு மணி நேரம் போகிறது. அடுத்தது, மாட்டுக் கொட்டகை, பால் கூடம், இறைச்சிக் கூடம் எல்லாமே "கால்நடைப் பொருள்" என்ற ஒரே சரக்கைத்தான் தருகின்றன. பால் வேறு, இறைச்சி வேறு என்ற கணக்கு இல்லை. விவசாயத்தை மனதுக்கு நெருக்கமாக நினைக்கிறவர்களுக்கு இது உறுத்தும், எனக்கு உறுத்துகிறது. மூன்றாவது, பருவம் இல்லை. விதைப்பும் அறுவடையும் இல்லை, மழை தவறினால் என்ன ஆகும் என்ற கவலையும் இல்லை. வருடம் முழுக்க ஒரே வேகத்தில் விளைகிறது. மண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய தேவையும் கிடையாது.

பருவமும் மண்ணின் களைப்பும் வேண்டும் என்றால் வேறு கேம்களுக்குத்தான் போக வேண்டும். 2014இல் வந்த பானிஷ்டில் வயலின் உச்ச அளவு 15க்கு 15 கட்டம். ஒரே பயிரை அடுத்தடுத்த வயல்களில் போட்டால் பூச்சி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும், குளிர் முந்தி வந்தால் அறுக்காத பயிர் போய்விடும். ஃபார்தஸ்ட் ஃப்ரண்டியரில் ஒவ்வொரு வயலுக்கும் மூன்று வருடத்துக்குப் பயிர்ச்சுழற்சி போட வேண்டும். வளம், களை, கல், களிமண்ணும் மணலும் கலந்த விகிதம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம், க்ளோவர் என்ற தீவனப் பயிரை விதைத்தால் மண் தேறும். 2024 ஏப்ரலில் முன்னணுகலுக்கு (முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு விடுவது) வந்த மேனர் லார்ட்ஸில் வயலை நம் இஷ்டத்துக்கு எந்த வடிவிலும் வரையலாம், கோதுமை, பார்லி, ஆளி என்று பயிருக்குப் பயிர் மண்ணின் வளம் மாறும், தரிசு போட வேண்டும், மாடு பூட்டி உழலாம். மூன்றுமே அருமையான கேம்கள். ஆனால் இவற்றில் நாம் கட்டுவது கிராமம், அதிகபட்சம் சின்ன ஊர். லட்சம் பேர் வாழும் நகரமும் அதன் வயலும் ஒரே மேப்பில் வேண்டும் என்றால் இவை அந்த வேலைக்கு இல்லை.

பழைய சிம்சிட்டி 4ஐயும் (2003) ஞாபகப்படுத்த வேண்டும். அதில் குறைந்த அடர்த்தித் தொழில் மண்டலம் என்பதே விவசாயம்தான், சாலைக்குச் சாலை பெரிய பெரிய வயல்கள் தானாக வந்துவிடும். வேலைவாய்ப்பு ரொம்பக் குறைவு. இருந்தாலும் பெரிய பிராந்தியத்தில் நகரங்களுக்கு நடுவே விவசாய ஊர்களை வைத்து விளையாடிய அனுபவம் இன்றும் தனி.

2023 அக்டோபரில் வந்த சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ் 2இல் விவசாயம் அடிப்படை கேமிலேயே உண்டு, தானியம், காய்கறி, பருத்தி, கால்நடை என்று பிரித்திருக்கிறார்கள், வயலின் எல்லையை நாமே வரையலாம். முதல் பாகத்தின் செவ்வகத் தொல்லை இதில் இல்லை, ஆற்றின் வளைவோடு ஒட்டிக்கொண்டு வயல் போகிறது. 441 டைல் இருப்பதால் இடத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அதை ஓட்ட நல்ல சக்தியுள்ள கணினி வேண்டும். மேலும் முதல் பாக டிஎல்சியில் தலைமைக் கட்டடத்திலிருந்து குதிர்வரை ஒவ்வொன்றையும் நம் கையால் வைத்து, நிலை நிலையாக உயர்த்தும் அந்த நெருக்கம் எனக்கு இரண்டாம் பாகத்தில் கிடைக்கவில்லை. வரைந்துவிட்டால் அதுபாட்டுக்கு ஓடுகிறது. சிலருக்கு அதுவே பிடிக்கும்.

ஆக, யார் வாங்கலாம்? முதல் பாகம் ஏற்கெனவே இருந்து, ஒரு டிஎல்சி மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் நான் யோசிக்காமல் இண்டஸ்ட்ரீஸைத்தான் சொல்வேன். அடிக்கடி சலுகை விலைக்கு வரும், அதுவரை அடிப்படை கேமின் விவசாய மண்டலத்தில் பழகிக்கொள்ளுங்கள், அந்தப் பழக்கம் வீண் போகாது. வானளாவிய கட்டடங்களும் மெட்ரோவும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் இது அவசரம் இல்லை.

வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது மேப் திறந்ததும் நேரத்தை ஓட விடாதீர்கள். இயற்கை வளங்கள் பார்வையைத் திறந்து, முதல் டைலிலும் பக்கத்து டைல்களிலும் மண் எங்கே ஒன்றாகச் சேர்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். அதன் குறுக்கே எந்தச் சாலையும் போகாதபடி ஊரின் முதல் சாலையைப் போடுங்கள். விவசாயம் கொஞ்சம் ஆள் சேர்ந்த பிறகுதான் திறக்கும், அதுவரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும், காசு இருக்கிறதே என்று அங்கே வீடு போட்டுவிடாதீர்கள். திறந்ததும் ஒரு தலைமைக் கட்டடம், இரண்டு நடுத்தர வயல், ஒரு குதிர், பிறகு ஒரு மாவு மில். அது நிற்காமல் ஓடுகிறதா என்று ஒரு கேம் வருடம் பாருங்கள். என் ஆறு டைல் நகரமும் இப்படித்தான் தொடங்கியது. இப்போது அதில் 34,000 பேர் இருக்கிறார்கள், வடக்கே இன்னும் மூன்று டைல் வாங்கலாம், காசும் இருக்கிறது. அங்கே பழத்தோட்டம் போடலாம் என்று இருக்கிறேன்.